பனியை எந்தக் கையால் அள்ளுவது

என் மகள் தன் தகப்பனை முதன்முதலாக விமான நிலையத்தில் கண்டபோது, "வணக்கம், மாமா" என்றாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. வீட்டுக்கு வரும் எந்த ஆம்பிளையையும் மாமா என்று கூப்பிட வேண்டும், வணக்கம் சொல்ல வேண்டும், கொடுப்பதை வலக்கையால் வாங்க வேண்டும் என்றெல்லாம் படிப்பித்தவள் நான்தான். யாழ்ப்பாணத்தில் பிள்ளையை ஒழுங்காக வளர்க்கிறவள் என்று பெயரெடுத்திருந்தேன். அந்தப் பெயரையும் இரண்டு பெட்டிகளையும் தூக்கிக்கொண்டுதான் லண்டனில் வந்து இறங்கினேன்.

அவர் நாட்டை விட்டுப் புறப்பட்டபோது அவள் என் வயிற்றில் மூன்று மாதம். கலியாணம் கட்டி எட்டு மாதம்தான் ஒன்றாக இருந்திருந்தோம். பிறகு ஆறு வருசம் கடிதங்கள், குரல் பதிந்த கசற்றுகள், ஒரேயொரு படம். என்னுடைய எண்பதுகள் தபால்காரனைப் பார்த்தபடியே போய்விட்டன. படத்தில் அவருக்கு மீசை இருந்தது, தலை நிறைய மயிர் இருந்தது. அந்தப் படத்துக்குத்தான் என் மகள் தினமும் முத்தம் கொடுத்து அப்பா என்று சொல்லிவந்தாள். விமான நிலையத்தில் நின்றவருக்கு மீசையும் இல்லை, முன்மண்டையில் மயிரும் இல்லை. முழங்காலுக்குக் கீழே தொங்கும் ஒரு கறுத்தக் கோட்டுக்குள் நின்றார். எனக்கே ஒரு கணம் தடுமாறியது, பிள்ளைக்குத் தடுமாறாதா?

அவர் கோபிக்கவில்லை. குனிந்து, "வணக்கம் பிள்ளை" என்று மரியாதையாகப் பதில் சொல்லிவிட்டுப் பெட்டிகளைத் தூக்கினார். நான்தான் சும்மா இருக்கவில்லை. மாமா இல்லையடி, அப்பா, அப்பா என்று சொல்லு என்று அவ்வளவு சனத்துக்கு நடுவில் அவளைப் பிடித்து உலுக்கினேன். என் வாயும் கையும் அப்படி. அன்றோடு அவள் அவரை மாமா என்று கூப்பிடுவதை விட்டாள். அப்பா என்றும் கூப்பிடவில்லை. எதுவுமே கூப்பிடவில்லை.

லூயிஷாமில் ஒரு பழைய வீட்டின் மேல்மாடி எங்களுக்கு. கீழ்வீட்டில் ஆட்கள் இல்லாததால் பின்வளவும் எங்களுடையது மாதிரித்தான். அவருக்குப் பெற்றோல் நிலையத்தில் இரவு ஷிப்ட். காலையில் வந்து படுத்தால் பின்னேரம்தான் எழும்புவார். அதனால் பகல் முழுக்கத் திரைச்சீலைகள் இழுத்தபடியே இருக்கும். வெளியே வெயிலோ மழையோ, உள்ளே எந்நேரமும் ஒரே செம்மஞ்சள் வெளிச்சம். நானும் மகளும் குசுகுசுவென்று பேசி, நுனிக்காலில் நடந்தோம். ரயில் போகும்போது அலமாரிக்குள் கோப்பைகள் மெல்லச் சிணுங்கும், பிறகு அடங்கும். அந்த மாதங்களை நினைத்தால் எல்லாம் ஒரு நீண்ட மத்தியான நித்திரைக்குள் நடந்தது போலவே இருக்கிறது. எது முதலில் நடந்தது, எது பிறகு என்று கேட்டால் சில வேளை எனக்குச் சொல்ல வராது.

ஒன்று மட்டும் துலக்கமாக ஞாபகம் இருக்கிறது. பள்ளிக்கூடத்தால் வந்த களைப்பில் அவள் சோபாவில் படுத்துவிடுவாள். சற்றுத் திறந்திருந்த கதவு நீக்கலுக்குள்ளால் பார்த்தால் கட்டிலில் அவர். நடுவில் நான், கையில் ஆறிப்போன தேத்தண்ணீரோடு. இரண்டு பேருக்கும் போர்வைக்கு வெளியே ஒரு கால் நீட்டியபடி இருக்கும். அந்தக் காலின் பெருவிரல் மட்டும் நித்திரையிலேயே மெல்ல ஆடும். கண்ணால் காணாத மனுசனிடமிருந்து இந்தப் பிள்ளை இதை எங்கே பழகினாள் என்று நான் பார்த்துக்கொண்டே இருப்பேன். ஒலிநாடாவில் கால்விரல் ஆடுவது கேட்குமா என்ன?

பிறகு அது எனக்கு ஒரு விளையாட்டாகவே போய்விட்டது. எது அவருடையது, எது என்னுடையது, எது எங்கள் ஊருடையது என்று அவளை உட்காரவைத்துப் பிரித்துப் பார்ப்பேன். மேல்காதின் மடிப்பு அவருடையது. விருப்பமில்லாததைக் கேட்டால் பதில் சொல்லாமல் "ச்" என்று நாக்கைத் தட்டுவது என்னிடமிருந்து பழகியது. பெரியவர்கள் நடுவால் போகும்போது தோளைக் குறுக்கிக் குனிந்து போவது ஊர் பழக்கியது. பள்ளிக்கூடத்தில் வெள்ளைக்காரப் பிள்ளைகள் நிமிர்ந்து நடக்க, இவள் ரீச்சருக்கு முன்னால் குனிந்து குனிந்து போவாளாம். இப்படிப் பிரித்துப் பிரித்துக் கடைசியில் மிஞ்சும் பிள்ளை யார் என்று கேட்டால் எனக்குத் தலை சுற்றும்.

ஆனால் இந்தக் கணக்கில் நான் வேண்டுமென்றே சேர்க்காத ஒன்று இருந்தது. அவளுடைய இடக்கை.

தவழத் தொடங்கிய நாளிலிருந்தே அவளுக்கு எதற்கும் இடக்கைதான் முந்தும். கிலுக்கட்டியைக் கிலுக்கி நீட்டினாலும் சரி, பிஸ்கற்றை நீட்டினாலும் சரி, அந்தக் கை பாய்ந்து வரும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாப்பிடும் கை ஒன்று, கழுவும் கை ஒன்று. திருநீறு வாங்குவது எந்தக் கையால், வெற்றிலை கொடுப்பது எந்தக் கையால் என்று பிறந்த குழந்தைக்கும் தெரிய வேண்டும் என்பதுபோலத்தான் நாங்கள் இருந்தோம். ஒரு பொம்பிளைப் பிள்ளை இடக்கையால் ஒருவருக்குத் தண்ணீர் நீட்டினால், பிள்ளையை விடுங்கள், தாயைத்தானே பேசுவார்கள்? மாமியாரிடம் போய்ப் புலம்பினேன். அவர் உடனேயே பழைய வேட்டியில் ஒரு சாண் கிழித்து, ஒரு சின்ன உறை தைத்து, அவளுடைய இடக்கையில் மாட்டி மணிக்கட்டில் முடிந்தார். விடிந்ததும் கட்ட வேண்டும், சாப்பிடும் நேரத்தில் கண்டிப்பாகக் கட்ட வேண்டும், நித்திரையில் அவிழ்த்துவிட வேண்டும், இரண்டு வருசம் செல்லும் என்றார். இவ்வளவு துல்லியமாக இவருக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. எனக்கு மருந்து கிடைத்துவிட்டது என்ற சந்தோசம்.

இரண்டு வருசம் கட்டினேன். அழுதாள், கட்டினேன். மாறியது. லண்டனில் இருந்தவருக்குப் பெருமையாகக் கடிதமும் எழுதினேன்: உங்கள் மகளுக்கு இடக்கைப் பழக்கம் ஒன்று இருந்தது, யோசிக்க வேண்டாம், நான் திருத்திவிட்டேன். அவருடைய பதில் கடிதத்தில் எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. அதற்கு மட்டும் இல்லை.

லண்டனில் அந்தக் கையை முதலில் குழப்பியது பள்ளிக்கூடச் சாப்பாடு. ஒருநாள் வந்தவள் ஏதோ களவைக் கண்டவள்போல என் காதுக்குள், "அம்மா, இஞ்ச எல்லாரும் மற்றக் கையாலதான் வாயில வைக்கினம். ரீச்சரும்" என்றாள். கத்தி வலக்கையில், முள்ளுக்கரண்டி இடக்கையில், அப்படித்தான் பிடிக்க வேண்டும் என்று மேசைக்கு மேசை வந்து ஒரு அம்மா சொல்லிக்கொடுக்கிறாவாம். எனக்கு வந்த கோபத்தில் அகப்பையோடு அறைக்கு நடுவில் நின்றேன். இவ்வளவு பாடுபட்டு நான் கட்டி அடக்கிய கையை இந்த வெள்ளைக்காரர் சாப்பாட்டு மேசையிலேயே அவிழ்த்துவிடுகிறார்களே, இதென்ன நியாயம்?

அவர் அப்போதுதான் நித்திரையால் எழும்பி வந்திருந்தார். நான் கத்தியதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். மகளுக்கு முன்னால் அவர் வாய்விட்டுச் சிரித்தது அதுதான் முதல்முறை. முள்ளுக்கரண்டி அந்தக் கைக்குத்தான் செய்தது, என்ன செய்ய என்றார். அவள் அவருடைய முகத்தை ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். நல்ல காலம், இந்தக் கையை நான் முதலே திருத்திவிட்டேன், இல்லாவிட்டால் இங்கே வந்து முழுசாகக் கெட்டிருப்பாள் என்றேன். அவர் சிரிப்பு நின்றது. எழும்பிப் போய் முகம் கழுவினார்.

பிறகு பள்ளிக்கூடத்தில் எங்களைக் கூப்பிட்டார்கள். எனக்கு இங்கிலீஷ் அப்போது ஓடாது. அவர்தான் நடுவில் இருந்து சொல்லிக்கொண்டு வந்தார். ரீச்சர் நல்ல மனுசி. பிள்ளை பென்சிலை இடக்கையால் எடுக்கிறாள், உடனே சுற்றிவரப் பார்க்கிறாள், பிறகு வலக்கைக்கு மாற்றுகிறாள் என்றார். மாற்றியபிறகு எழுத்தும் வருவதில்லை, பேச்சும் வருவதில்லையாம். இது அனேகமாகக் குடும்பத்தில் வருகிற ஒன்று, உங்கள் வீட்டில் வேறு யாருக்காவது இடக்கை உண்டா என்று கேட்டார். அவர் அதைத் தமிழில் எனக்குச் சொன்னார். எங்கள் இரண்டு பக்கத்திலும் அப்படி ஒருவரும் இல்லை என்று நான் கழுத்தை நிமிர்த்திச் சொன்னேன். அவர் ஒரு கணம் மேசையைப் பார்த்தார். பிறகு அதையும் இங்கிலீஷில் ரீச்சரிடம் சொன்னார்.

திரும்பிவரும்போது பஸ்ஸின் மேல்தட்டில் இருந்தோம். மூன்றரை மணிக்கே இருட்டிக்கொண்டு வந்தது. கண்ணாடி முழுக்க எங்கள் மூச்சுப் படிந்து, தெருவிளக்குகள் கரைந்த மாதிரித் தெரிந்தன. முன் இருக்கையில் இருந்த மகள் அந்த மூச்சுப் புகாரில் விரலால் ஒரு வீடு கீறினாள். இடக்கை விரல். நான் பழக்கதோசத்தில் எட்டி ஒரு தட்டுத் தட்டினேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் கையைக் கோட்டுப் பைக்குள் விட்டாள். பாதி கீறிய வீடு தண்ணீராக வழிந்தது. இரண்டு தரிப்பிடம் போனபிறகு அவர் என்னைப் பார்க்காமல் மெதுவாகக் கேட்டார்.

"இவள் என்னை ஒண்டும் கூப்பிடாமலே வளந்திடுவாளோ?"

எனக்கும் அந்தப் பயம் இருந்தது. ஒவ்வொரு காலையும் வேலையால் வரும்போது அவர் ஒரு இனிப்பு கொண்டுவருவார். அவள் வலக்கையை நீட்டி வாங்கி, "தாங்யூ" என்பாள். அதற்குப் பிறகு ஒரு சொல் வரும் என்று அவர் கொஞ்ச நேரம் அப்படியே நிற்பார். வராது. என்னிடம் பேசும்போது, "அவர் நித்திரை", "அவருக்குத் தேத்தண்ணீர்" என்பாள். பக்கத்து வீட்டுக்காரரைச் சொல்வது மாதிரி. நான் அதட்டினால் கண்ணைத் தாழ்த்தி "ஓம்" என்பாள். அதோடு சரி. படம் கட்டில் தலைமாட்டில் அப்படியே இருந்தது. படத்துக்கு முத்தம் கொடுப்பதும் நிற்கவில்லை.

மாசி மாதத்தில் எனக்குக் கடும் காய்ச்சல் வந்தது. மூன்று நாள் எழும்ப ஏலாமல் கிடந்தேன். மூன்றாம் நாள், ஒரு சனிக்கிழமை, கண் விழித்தபோது அறை வழக்கமான செம்மஞ்சளில் இல்லை. கூரை, சுவர், என் கைவிரல்கள் எல்லாம் வெள்ளையாக இருந்தன. ரயில் சத்தமில்லை, பஸ் சத்தமில்லை, கோப்பைகள் சிணுங்கவில்லை. செத்துத்தான் போய்விட்டேனாக்கும் என்று நினைத்தேன். பயம்கூட வரவில்லை, அவ்வளவு அமைதி. பிறகு தொப் என்று ஒரு சத்தம். கொஞ்ச நேரத்தில் இன்னொரு தொப். நடுவில் ஒரு சின்னச் சிரிப்பு. போர்வையைச் சுற்றிக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்துப் பின்பக்க யன்னலுக்குப் போனேன்.

பின்வளவு முழுக்க ஸ்நோ. நான் பிறந்து அன்றைக்குத்தான் அவ்வளவு பனியைக் காண்கிறேன். பஸ் ஓடாததால் அவர் வேலையிலிருந்து நடந்தே வந்திருக்க வேண்டும், கோட்டுத் தோள் இன்னும் வெள்ளையாக இருந்தது. நித்திரைக்குப் போகாமல் மகளோடு நின்றார். குப்பைத் தொட்டி மூடியை எடுத்து மதிலில் சாத்தி வைத்திருந்தார்கள். அவர் குனிந்து பனியை அள்ளினார், உருட்டினார், எறிந்தார். தொப். அவள் அள்ளினாள், உருட்டினாள், எறிந்தாள். கொஞ்சம் தள்ளி விழுந்தது. காய்ச்சலில் எனக்குக் கண் சரியாகத் தெரியவில்லையோ என்று யன்னல் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன்.

இரண்டு பேரும் இடக்கையால் எறிந்தார்கள்.

வலது கால் முன்னுக்கு. இடது தோள் பின்னுக்கு. எறிவதற்கு முன் நாக்கின் நுனி உதட்டோரம் எட்டிப் பார்த்து உள்ளே போனது. பெரிய கோட்டுக்குள் அவர், சின்னக் கோட்டுக்குள் அவள். ஐயோ, நான் எவ்வளவு நேரம் அப்படியே நின்றேனோ தெரியாது. எட்டு மாதம் குடும்பம் நடத்திய மனுசன், ஆறு வருசம் கடிதம் எழுதிய மனுசன், இந்தக் கையை நான் ஒருநாளும் கண்டதில்லை.

சோற்றுக்கு எங்களிடம் சட்டம் இருந்தது. திருநீறுக்கு, வெற்றிலைக்கு, தண்ணீர்ச் செம்புக்கு, பென்சிலுக்கு எல்லாம் இருந்தது. பஸ் கண்ணாடிக்குக்கூட நானே ஒரு சட்டம் போட்டுவிட்டேன். பனியை எந்தக் கையால் அள்ள வேண்டும் என்று மட்டும் எங்கள் பரம்பரையில் யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. சொல்ல அங்கே பனி இருந்ததில்லை. சொல்ல ஆளில்லாத இடத்தில் அந்தக் கை தானாக வெளியே வந்து விளையாடிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் அவள் நிமிர்ந்து யன்னலைப் பார்த்தாள். என்னைக் கண்டாள். அவள் முகம் மாறியதை நான் மேலிருந்து பார்த்தேன். உடனே அவரிடம் ஓடினாள். மூடிய கண்ணாடிக்குள்ளாலும் அந்தக் குரல் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"அப்பா, கையை ஒளியுங்கோ! அம்மா பாக்கிறா!"

அவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். அடுத்த நொடி இரண்டு பேரும் இடக்கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், மணிக்கட்டை வலக்கையால் பிடித்துக்கொண்டு, யன்னலை அண்ணாந்து பார்த்தபடி பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். ஒரே மாதிரி. அவருக்கும் சின்ன வயதில் உறை கட்டியிருந்தார்கள் என்று பிறகுதான் அறிந்தேன். ஒருவர் உறை கட்டப்பட்டு அழுததை மற்றவர் கண்டதில்லை. இருந்தும் துணி முடிந்த அதே இடத்தை இருவரும் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அந்தக் கை அவரிடமிருந்து அவளுக்கு வந்தது. ஒளிக்கும் பழக்கம் எங்களிடமிருந்து இருவருக்கும் வந்தது. யன்னலில் நின்று எது எதுவென்று பிரித்துப் பார்க்க அன்று எனக்கு மனம் வரவில்லை.

ஆறு மாதமாக நான் அதட்டியும் கெஞ்சியும் வராத சொல் அது. என்னிடமிருந்து அவரைக் காப்பாற்ற வேண்டும் என்றவுடன் வந்துவிட்டது. எனக்குச் சந்தோசமாக இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. யன்னல் கட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

கீழே இறங்கிப் போனேன். செருப்போடு பனிக்குள் கால் வைத்ததும் அவர் பதறிவிட்டார், காய்ச்சலோடு என்ன வேலை என்று. நான் அவருடைய கையைப் பார்த்தபடியே நின்றேன். அவர் மெல்லச் சொன்னார்.

"கலியாணம் பேசேக்க சொல்லாதை எண்டு அம்மா சொன்னவ. பிறகு சொல்ல வெக்கமாயிருந்தது. உம்மட கடிதம் வந்தாப் பிறகு சொல்லவே ஏலாமப் போச்சு."

பிறகு துண்டு துண்டாக மிச்சமும் வந்தது. சின்ன வயதில் அவருக்கும் அதே வேட்டித் துணி. ஊரில் இருந்தவரை வலக்கை ஒழுங்காகத்தான் இருந்ததாம். லண்டன் வந்து ஒற்றை அறையில் தனியாக இருந்தபோது, ஒருநாள் காய்ச்சலோடு சாப்பிடப் பாண் வெட்டுகையில் பார்த்தால் கத்தி இடக்கையில் இருந்ததாம். பார்க்க யாரும் இல்லை, அப்படியே விட்டுவிட்டாராம். நாங்கள் வருகிறோம் என்று தெரிந்ததும் பழையபடி வலக்கைக்குப் பழகத் தொடங்கினாராம். விமான நிலையத்தில் பெட்டியை எந்தக் கையால் தூக்குவது என்று யோசித்துக்கொண்டு நின்றாராம், பாவி மனுசன்.

தொண்ணூறுகள் முழுக்க அந்த இரண்டு பேரையும் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவள் எழுதுவது இடக்கையால் என்று ஆனது, எழுத்தும் பேச்சும் வெள்ளமாக வந்தன. நான் இனி ஒன்றும் சொல்வதில்லை என்று சத்தியம் பண்ணியிருந்தேன். ஆனால் சோற்றுக்கு உட்கார்ந்தால் அவளுக்கு வலக்கைதான் போகும், கோயிலில் ஐயர் திருநீறு நீட்டினாலும் வலக்கைதான் போகும். ஏன் என்று கேட்டால், மற்றக் கையால் சோறு ருசிக்காது என்பாள். அதை நான் அவளுக்குக் கொடுத்தேனா, அவளிடமிருந்து எடுத்தேனா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அன்றைக்குப் பின்வளவில் மூவரும் அப்படியே நின்றோம். அவள் இன்னும் கையை எடுக்கவில்லை. அவருக்கு முன்னால், அவரை மறைக்கிற மாதிரி நின்றாள். அடி விழுந்தால் முதலில் தனக்கு விழட்டும் என்று நின்றாளோ என்னவோ. நான் பனிக்குள் குந்தி இருந்து, இரண்டு கைகளையும் ஏந்தி நீட்டினேன். எனக்கும் கொஞ்சம் ஸ்நோ தா என்று கேட்டேன். அவள் யோசித்தாள். குனிந்து அள்ளினாள். வலக்கையால் அள்ளி, நான் படிப்பித்தபடியே பக்குவமாக நீட்டினாள்.

"மற்றக் கையால தா பிள்ளை."

அவள் திரும்பித் தகப்பனைப் பார்த்தாள். அவர் தலையசைத்தார். அவள் வலக்கைப் பனியைக் கீழே கொட்டிவிட்டு, முதுகுக்குப் பின்னாலிருந்து இடக்கையை எடுத்தாள். குளிரில் சிவந்திருந்த அந்தச் சின்னக் கையால் ஒரு பிடி பனியை அள்ளி என் கைகளில் வைத்தாள். நான் இரண்டு கைகளாலும் அதை வாங்கிக்கொண்டேன்.